சிக்னல் சொல்லி ஓட்டிய கார்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சத்தியம் செய்யக் கூடாதென்று பைபிளிலேயே எழுதியிருப்பதால் அதைத் தொடாமல், ரயில்வே பொது விதிகள் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன். எழுதுவது இடது கை. எழுத்து ஆங்காங்கே கோணலாக இருந்தால் காரணம் அதுதான், வேறு எதுவும் இல்லை.

என் பெயர் ரூஃபஸ். முப்பத்தாறு வருஷம் ரயில் டிரைவர். செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டைக்கும் வாடிக்கும் நான் இழுத்துக்கொண்டு போன பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். வரும்போது மட்டும் பதினைந்து நிமிஷம் தாமதமாகும். அது என் தப்பு இல்லை, வழியில் கிராசிங் இருக்கும்.

2005இல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் ஜனவரி மாதம் என் மகள் ஷெர்லி, கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தன்னுடைய சின்ன வெள்ளை மாருதியை ஓட்டிக்கொண்டு எங்கள் மெட்டுகூடா வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கம்பெனி அவளை இரண்டு வருஷம் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. சாவியை என் கையில் வைத்தாள். ஆனால் விரலை எடுக்கவில்லை.

"டாடி, கார் உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன். ஈஸ்டருக்குள்ள இந்த வீட்டுல ஒரு லைசென்ஸ் இருக்கணும். இல்லேன்னா சாவி ஃபிரெடி மாமாவுக்கு."

ஃபிரெடி என் மனைவி ஜெயசுந்தரியின் தம்பி. இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவன், எல்லாம் அடுத்தவர்கள் கார். அன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"ஹவ், ஆமா, சரியாத்தான் சொல்லுதா பிள்ளை" என்றான். "அத்தான் ஆயிரத்து இருநூறு பேரை வச்சு ஓட்டினவர். நாலு பேர் எம்மாத்திரம். என்ன, அத்தான் ஓட்டின வண்டிக்கு வழி தெரியும். இதுக்குத் தெரியாது."

"நீ முறுக்கைத் தின்னு."

"திங்குதேன். சாவியை மட்டும் துரு ஏறாம வையுங்க. ஈஸ்டர் அன்னைக்கு நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

சாவி யாரிடம் இருந்தால் எனக்கென்ன என்று விட்டிருப்பேன். அன்று சாயங்காலம் ஜெயசுந்தரி அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள். அவள் என்னைப் பார்க்காமல் பேசினால் விஷயம் பெரியது.

"ஏங்க, ஒன்னு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"நமக்குக் கல்யாணம் ஆகி முதல்முதலா காஜிப்பேட்டைக்குப் போனோமே, அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"நான் எங்க இருந்தேன்?"

"எட்டாவது பெட்டியில."

"அதுக்கப்புறம் உங்க வண்டியில எத்தனை தடவை வந்திருக்கேன். ஒரு தடவையாவது பக்கத்துல உட்கார்ந்தேனா? எஞ்சின்ல வேற ஆள் ஏறக் கூடாதுன்னு சட்டம். சரி, சட்டம்னா சட்டம். இந்தக் காருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லையே. ஈஸ்டர் அன்னைக்குக் காலைல கோயிலுக்கு முன்சீட்டுல உங்க பக்கத்துல உட்கார்ந்து போகணும். அவ்வளவுதான்."

அவரைக்காயை ஒரே அளவாக நறுக்கி முடித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே இரண்டு பேருமாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், பழகுவதற்கான லைசென்சுக்கு எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்தோம் என்று சொல்லக் காரணம், கியூ நீளமாக இருந்தது. சும்மா நிற்பானேன் என்று அவளும் ஒரு ஃபாரத்தை வாங்கி நிரப்பிவிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால் ஆபீசில் கூட அவள் அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு காலி மைதானம் உண்டு. அடுக்களை ஜன்னல் அதைப் பார்த்துத்தான் திறக்கும். அங்கே பழகினேன். லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கம்பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் ஃபிரெடி. நான் தோற்றால் கார் யாருக்குப் போகுமோ அவனிடமே பாடம் படிக்க வேண்டியதாயிற்று.

முதல் நாள் காரை நேராக ஓட்டினேன். மிக நேராக. மைதானத்து மூலையில் பாதை வளைந்தது. தண்டவாளம் திருப்பிக்கொள்ளும் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். சபை மூப்பர் வீட்டுச் செம்பருத்திச் செடிக்குள் கார் போய் நின்றது.

ஃபிரெடி மடியில் விழுந்த பூவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

"அத்தான், கையில பிடிச்சிருக்கீங்களே, அது எதுக்கு?"

"பிடிச்சுக்கிறதுக்கு."

"அதைத் திருப்பணும்."

முப்பத்தாறு வருஷத்தில் என்னை யாரும் எதையும் திருப்பச் சொன்னதில்லை. பிரேக்கிலும் இதே கதைதான். ஓடுகிற ரயிலை நிறுத்த ஒரு கிலோமீட்டருக்கு முன்பே பிரேக் பிடித்தாக வேண்டும். அந்த வழக்கத்தில், அரசமரத்தடியில் நிறுத்து என்று ஃபிரெடி சொன்னால் நான் புறப்பட்ட இடத்திலேயே பிரேக்கை மிதித்துவிடுவேன். பின்னால் எடுப்பது இன்னும் மோசம். ரயிலில் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பச்சைக்கொடி காட்டாமல் ஓர் அங்குலம் பின்னால் போகக் கூடாது. ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் கொடியைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஃபிரெடி கடலை ஒரு பொட்டலம் தின்று முடிப்பான்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. நான் என்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். "அடேய் ரூஃபஸ், மடப்பயலே, கால் எங்கடா போகுது" என்று. திட்டினால் எஞ்சின் அணைந்தது. இன்னும் உரக்கத் திட்டினால் இன்னும் சீக்கிரம் அணைந்தது. ஒரே காலையில் நாற்பத்தொரு தடவை. கடைசித் தடவை சாவியைத் திருப்பவே இல்லை, "அடேய்" என்றேன், அப்போதும் அணைந்தது.

அமெரிக்காவிலிருந்து ஷெர்லி போன் செய்தாள். ஜெயசுந்தரி அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள்.

"டாடி, உங்களைத் திட்டாதீங்க. எங்க ஆபீஸ்ல டிரெய்னிங்ல சொல்லிக் கொடுத்தாங்க. கண்ணாடியைப் பார்த்து 'என்னால் முடியும், என்னால் முடியும்'னு சொல்லுங்க."

சொன்னேன். காரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தே இருபது தடவை சொன்னேன். பதினெட்டாவது தடவையில் மறுபடியும் செம்பருத்தி. என்னால் முடியும் என்பதில் அந்தக் காருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் கிடையாது. எப்படி என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டியிருந்தது.

செம்பருத்திக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் பொது விதிகள் புத்தகம் ஞாபகம் வந்தது.

ரயில் எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே சிக்னல் தெரிந்தால் உதவி டிரைவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "டிஸ்டன்ட் சிக்னல், இரட்டை மஞ்சள்." டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "இரட்டை மஞ்சள்." இரண்டு பேருக்கும் கண் இருக்கிறது, இரண்டு பேரும் பார்த்தாயிற்று, பிறகு எதற்கு என்று புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கண் பார்த்துவிட்டு வேறு யோசனைக்குப் போய்விடும். வாய் சொன்னால்தான் கை நம்பும். திருப்பிச் சொல்லும் குரல் கேட்காமல் வண்டியை நகர்த்துகிறவன் டிரைவரே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தேன். என்னை நானே "டா" போடுவதை நிறுத்தினேன். ஓய்வு பெற்ற சீனியர் டிரைவரை அப்படியா கூப்பிடுவது.

"ரூஃபஸ் சார், இடது கால் கிளட்ச்."

திருப்பிச் சொல்ல ஆள் வேண்டுமே. என்னுடைய கடைசி உதவி டிரைவர் சங்கர் என்ற பையன், மூக்கால் பேசுவான். அவன் குரலையும் நானே எடுத்துக்கொண்டேன்.

"கிளட்ச், சரி."

"ஒன்னாவது கியர்."

"ஒன்னாவது, சரி."

"வளைவு வருது ரூஃபஸ் சார். தண்டவாளம் இல்லை. திருப்புங்க."

"தண்டவாளம் இல்லை. திருப்பியாச்சு."

கார் திரும்பியது. செம்பருத்தியின் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் போயிற்று. ஃபிரெடி கடலையை வாய்க்கும் கைக்கும் நடுவில் நிறுத்தினான்.

"அத்தான், வண்டியில மூணு பேர் இருக்கற மாதிரி இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது."

"நீ இறங்கிக்கலாம். சங்கர் இருக்கான்."

"விதி?"

"ஜன்னலுக்கு வெளியே தலையை வச்சுக்கோ."

எஞ்சின் அணைந்தாலும் இப்போது திட்டுவதில்லை. விசாரணை நடக்கும். "ரூஃபஸ் சார், ஏன் நின்னது?" "கிளட்சைச் சட்டுனு விட்டுட்டீங்க சார்." "அடுத்த தடவை?" "மெதுவா விடணும்." "ரொம்ப நன்றி." இப்படி நன்றி சொல்லி அனுப்பிவைத்த தப்பு எதுவும் மறுபடி வந்ததில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மூப்பர் அந்த வாரம் தம் ஸ்கூட்டரை நான்கு தடவை கீழே போட்டார்.

டீசல் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை எனக்கு. அதிலும் இரண்டு குரல். ஒரு வாரத்தில் சங்கருடைய குரல் கட்டிவிட்டது. என் குரல் நன்றாகத்தான் இருந்தது, சங்கர்தான் போய்விட்டான். மைதானத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு, "ரூஃபஸ் சார், கிளட்ச்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பதில் இல்லை. பதில் இல்லாமல் நகரக் கூடாது. ஃபிரெடி பக்கம் திரும்பினேன்.

"என்னைப் பார்க்காதீங்க. நான் கார் கிடைக்கணும்னு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

அப்போது அடுக்களை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"கிளட்ச், சரி."

ஜெயசுந்தரி. கையில் கரண்டி. உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னாவது" என்றேன்.

"ஒன்னாவது, சரி. போங்க, தீயுது."

அதிலிருந்து தினமும் அவள்தான் என் உதவி டிரைவர். சங்கரைவிட நல்ல ஆள். சங்கர் கேள்வி கேட்கமாட்டான், இவள் கேட்பாள். "ஏங்க, கிளட்ச்னா என்ன பண்ணுது அது?" என்று ஜன்னலிலிருந்து கேட்பாள். அவளுக்குச் சொல்வதற்காக நான் முதலில் என்னிடம் கேட்டுக்கொள்வேன். "ரூஃபஸ் சார், என்ன பண்ணுது?" "எஞ்சினையும் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் பேசவிடாம வைக்குது." "அப்ப சட்டுனு விட்டா?" "சண்டை வந்திரும்." மைதானத்திலிருந்து இதைக் கூவிச் சொல்வேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கும். ரிவர்ஸுக்கு அவள் ஜன்னலிலிருந்து பச்சை நிறப் பிடித்துணியை ஆட்டுவாள். பிடித்துணி ஆடிய மாத்திரத்தில் கார் வெண்ணெய் மாதிரிப் பின்னால் போகும்.

இந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். கவனித்தேன், யோசிக்கவில்லை. உப்புமா கிளறுகிற கரண்டி வட்டமாகத்தானே போக வேண்டும். அவளுடைய கரண்டி மேலே, கீழே, குறுக்கே, மறுபடி மேலே என்று கியர் விழுகிற தடத்திலேயே போய்வந்துகொண்டிருந்தது. உப்புமா அடிபிடிக்கவும் இல்லை.

என் சத்தம் ஊருக்கும் கேட்டது. மாடியில் குடியிருந்த ஸ்ரீகாந்த், கும்பகோணத்துப் பையன், கம்ப்யூட்டர் பரீட்சை ஒன்றில் மூன்று தடவை தோற்றவன். தரை வழியாக என் குரல் கேட்டுக் கேட்டு அவனும் "ஸ்ரீகாந்த் சார், இப்போ இந்த வரி என்ன பண்ணுது?" என்று படிக்க ஆரம்பித்து நான்காம் தடவை தேறிவிட்டான். கச்சிபௌலியில் அவன் வேலை பார்க்கிற ஆபீசிலும் அதே பழக்கம். பக்கத்து நாற்காலிக்காரர்கள் தொற்றிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அந்த ஆபீஸ் மாடி முழுக்க இருநூறு பேர் தங்களோடு தாங்களே மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுகிறார்கள் என்று நினைத்து, அந்த மாடிக்குச் சிறந்த மாடி என்று கேடயம் கொடுத்துவிட்டார். கேடயம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கச்சிபௌலிக்குப் போய்ப் பாருங்கள், கண்ணாடிக் கட்டடம்தான்.

மார்ச் மாதம் ஃபிரெடி என்னைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தார்நாகா சந்திப்பில் நெரிசல். உப்பல் போகிற பஸ், இரும்புக் கம்பி ஏற்றிய லாரி, ஆட்டோக்கள், நடுவில் ஓர் எருமை. யாரும் அசையவில்லை. நான் வழக்கம்போலக் கண்ணாடியை இறக்கிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

"ரூஃபஸ் சார், பிரேக்கை விடுங்க. ஒன்னாவது. மெதுவா, இடது பக்கம்."

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "கைக்கு சில்லாதே சாப்?" என்று கேட்டார். ஏன் கத்துகிறீர்கள் என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே பிரேக்கை விட்டு, மெதுவாக இடது பக்கம் போனார். அவர் பின்னால் இன்னோர் ஆட்டோ. அதன் பின்னால் பஸ். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு, மெட்டுகூடா வரைக்கும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், அறுபத்துநான்கு வண்டிகள் ஒரே ரயிலாக வந்தோம். எருமை கடைசி. கார்டு மாதிரி. வழியில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ரயில்வே கேட்டை மூடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வீட்டு வாசலில் ஃபிரெடி இறங்கும்போது, "அத்தான், ஜெபத்துல கொஞ்சம் சந்தேகம் வந்துட்டது எனக்கு" என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் டெஸ்ட். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை. மைதானத்தில் எச் எழுத்து வடிவத்தில் கம்பு நட்டு வைத்திருந்தார்கள். கம்பைத் தொடாமல் முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டும். நான், ஜெயசுந்தரி, ஃபிரெடி மூன்று பேரும் போனோம். சாவியை வாங்கிக்கொண்டு போக வசதியாக ஃபிரெடி பெரிய பாக்கெட் வைத்த சட்டை போட்டிருந்தான்.

எனக்கு முன்னால் ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டி இரண்டு கம்பைச் சாய்த்துவிட்டார். அடுத்து நான். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அட்டையைத் திறந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ரூஃபஸ் சார், இடது கால்..."

"மாட்லாடொத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

பேசக் கூடாது என்பதற்குத் தெலுங்கில் ஒரே வார்த்தை. என் இரண்டு மாத உழைப்புக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது.

"சார், நான் போன்ல பேசலை. எனக்கு நானே..."

"யாரோடயும் பேசக் கூடாது சார். வாயை மூடிட்டு ஓட்டுங்க."

வாயை மூடினேன். உடனே இடது காலுக்கு எது கிளட்ச் என்று மறந்துவிட்டது. வலது கை ஹாரன் கயிற்றைத் தேடிக் கூரைக்குப் போயிற்று. எப்படியோ முன்னால் போய்ச் சேர்ந்தேன். அது ரூஃபஸ் ஓட்டியதல்ல, கார் தன் நல்ல குணத்தால் போனது. பிறகு ரிவர்ஸ். கியரைப் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில் ஜெயசுந்தரி நின்றுகொண்டிருந்தாள், கையில் பிடித்துணி இல்லை. டெஸ்டுக்குப் போகும்போது யார் பிடித்துணி எடுத்துக்கொண்டு போவார்கள்.

பதினொரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. பன்னிரண்டாவது நிமிஷத்தில் கேட்டார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"கொடி வரலை சார்."

அட்டையில் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். நீளமாக எழுதவில்லை.

இறங்கி வந்தேன். ஃபிரெடி கையை நீட்டினான். நீட்டியவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான். "நக்கோ அத்தான், இப்ப வேண்டாம். வீட்டுல போய் வாங்கிக்கிடுதேன்" என்றான். ஜெயசுந்தரி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். எட்டாவது பெட்டியிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மேஜையிலிருந்த குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "ஜெயசுந்தரி."

நானும் ஃபிரெடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கியூவில் சும்மா நின்றபோது நிரப்பிய ஃபாரம் சும்மா இருக்கவில்லை. ஜெயசுந்தரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், என் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா எப்பவாவது ஓட்டியிருக்காளா?" என்றான் ஃபிரெடி.

"உப்புமாதான்."

கார் கிளம்பியது. அணையவில்லை, உதறவில்லை. எச் எழுத்தின் முதல் காலில் ஏறியது, குறுக்கே போயிற்று, நின்றது. பிறகு யார் கொடியும் காட்டாமல், தானே தடம் தெரிந்தது மாதிரிப் பின்னால் வந்தது. ஒரு கம்புகூட அசையவில்லை. ஜன்னல் வழியாக அவள் முகம் தெரிந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டரும் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பேசுறீங்களா?"

"ஜெபம் பண்ணுதேன் சார்."

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். ஜெபத்துக்கு விதியில் தடை இல்லை. "பண்ணுங்க" என்றார்.

தேறிவிட்டாள். திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில். ஃபிரெடி பின்சீட்டில், காலிப் பாக்கெட்டோடு.

"எந்த ஜெபம்க்கா அது? எனக்கும் சொல்லு, என்னோடது வேலை செய்யலை" என்றான்.

"என்ன ஜெபம். 'ஜெயசுந்தரி மேடம், கிளட்ச். கிளட்ச், சரி. ஜெயசுந்தரி மேடம், ரிவர்ஸ். ரிவர்ஸ், சரி.' அவ்வளவுதான். இவங்க சத்தமா சொன்னாங்க. நான் ரெண்டு மாசமா கூடவே சொல்லிச் சொல்லி, அது உள்ளே போயிட்டது."

"மேடம்னு கூப்பிட்டுக்கிட்டியாக்கா?"

"பின்ன? இந்த வீட்டுல வேற யாரு என்னை அப்படிக் கூப்பிடுதா?"

"கொடி இல்லாம எப்படி ரிவர்ஸ் எடுத்த?" என்றேன் நான்.

"அம்பது நாளா கொடி காட்டினவளே நான்தான். எனக்கு யாரு காட்டணும்?"

அன்று சாயங்காலமே ஷெர்லிக்குப் போன் போயிற்று. இந்த வீட்டில் ஒரு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதுதான் கண்டிஷன். யாருடையது என்று அவள் சொல்லவில்லை. ஃபிரெடி தானாகவே போனை வாங்கி, "பிள்ளே, சாவி உங்கம்மாகிட்டத்தான். நான் சாட்சி" என்றான். பிறகு மீதமிருந்த முறுக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான். பெரிய பாக்கெட் வீணாகவில்லை.

ஈஸ்டர் அன்று விடிந்தும் விடியாத வேளையில் கோயிலுக்குக் கிளம்பினோம். ஜெயசுந்தரி கத்தரிப்பூக் கலர்ப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். சாலையில் ஆள் இல்லை. அவள் சாவியைத் திருப்பினாள், ஆனால் காரை எடுக்கவில்லை.

"என்ன?" என்றேன்.

"சொல்லுங்க."

"உனக்குத்தான் உள்ளேயே கேட்குதே."

"கேட்குது. நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

ஆகவே நான் சொன்னேன். மெட்டுகூடாவிலிருந்து கோயில் வரைக்கும் ஒவ்வொரு விளக்கையும் சொன்னேன். "முன்னால பச்சை, ஜெயசுந்தரி மேடம்." "பச்சை, சரி ரூஃபஸ் சார்." அந்த ஒரு காலையில் ஊரில் ஒரு சிக்னல்கூட எங்களுக்குச் சிவப்புக் காட்டவில்லை. வழியில் அந்த எருமை மட்டும் சாலையோரம் ஒதுங்கி நின்று எங்களைப் போகவிட்டது. கோயில் வாசலில் மூப்பர் செம்பருத்திச் செடியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்தச் செடியை அவர் தொட்டியில் வைத்துக் கூடவே கொண்டுவந்திருந்தார். நாங்கள் ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம்.

புத்தகத்தின் மேலிருந்து கையை எடுப்பதற்கு முன் இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் கார் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்கு பஸ்ஸில்தான் போனோம், ஜெயசுந்தரி முன்பக்கம் பெண்கள் சீட்டில், நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு.